கொழுந்து ராஜாவின் எடை

தராசைத் தட்டாதீங்க சிஸ்டர். தராசு சரியாத்தான் இருக்கு. உங்களுக்கு முன்னாடி இருந்த சிஸ்டரும் இப்படித்தான் தட்டித் தட்டிப் பார்த்து, ரிப்பேர்னு மேல எழுதிப் போட்டு, புதுசு ஒண்ணு வரவழைச்சாங்க. புதுசும் அதையேதான் காட்டுச்சு. பார்க்க ஓணான் குஞ்சு மாதிரி கிடக்கிற பிள்ளை எப்படி இத்தனை எடை காட்டுதுன்னுதானே முழிக்கிறீங்க? பூலாங்கோட்டையில பிறக்கிற பிள்ளைங்க எல்லாம் அப்படித்தான், கண்ணுக்கு ஒரு எடை, தராசுக்கு ஒரு எடை. நான் இந்தப் பிள்ளைக்கு அத்தை, என் தம்பி மகதான் இது. தாய்க்காரி தூங்குறா, நீங்களும் காலையில இருந்து கால் கடுக்க நிக்கிறீங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க, பிளாஸ்க்குல காப்பி இருக்கு, ஊத்தித் தர்றேன், குடிச்சுக்கிட்டே கேளுங்க.

இந்த ஊரு ஒரு காலத்துல தனி நாடு. சிரிக்காதீங்க, வெளியூர்க்காரங்க எல்லாரும் இந்த இடத்துல சிரிச்சிருவீங்க. காலையில சோறு கட்டிக்கிட்டு மேற்கெல்லையில இருந்து நடந்தா வெயில் தாழுறதுக்குள்ள கிழக்கெல்லை வந்துரும், வாஸ்தவம்தான், ஆனாலும் நாடு நாடுதான். ராஜா உண்டு, ராணி உண்டு, கோட்டை உண்டு, ஒரு யானை உண்டு, ஒரு பீரங்கி உண்டு, அந்தப் பீரங்கிக்குள்ள கோழி அடைகாத்துச்சுங்கிறது வேற விஷயம். சுத்தி நாலு பக்கமும் வெள்ளைக்காரன் சீமை, நடுவுல நாங்க. ராஜாவுக்குக் கிரீடமும் கொடியும் விட்டு வச்சிருந்தான், ஆனா களஞ்சியத்துச் சாவி மட்டும் ஏஜென்ட் துரைன்னு ஒருத்தரை மேல இருந்து அனுப்பி, அவரு இடுப்புல தொங்க விட்டிருந்தான். ராஜா மகளுக்குக் கல்யாணம் பேசணும்னாலும் ஏஜென்ட் துரையைக் கேட்டுட்டுத்தான் பேசணும். சரித்திரப் புத்தகத்துல எங்க சமஸ்தானத்துக்கு ஒன்றரை வரி ஒதுக்கியிருக்காங்க, அதுல முக்கால் வரி அந்த யானையைப் பத்தி. போகட்டும்.

எங்க நாட்டுல ஒரு வழக்கம் இருந்துச்சு. ஐப்பசியில ராஜா பிறந்த நட்சத்திரத்துக்கு அம்மன் கோயில் முன்னாடி துலாபாரம். பெரிய சமஸ்தானத்து ராஜாக்கள் தங்கத்துக்கு எடை உட்காருவாங்களாம், எங்களுக்குத் தங்கம் ஏது, நெல்லும் வரகும்தான். கல் மண்டபத்துல தொங்குற பெரிய தராசுல ஒரு தட்டுல ராஜா சம்மணம் போட்டு உட்காருவாரு, எதிர்த் தட்டுல களஞ்சியத்துத் தானியத்தை மூட்டை மூட்டையா ஏத்துவாங்க, ராஜா உட்கார்ந்த தட்டு தரையை விட்டு எழும்பினதும் நிறுத்திடுவாங்க, ஏத்தின தானியம் அத்தனையும் ஊருக்குப் பங்கு. அப்போ கணக்கு என்ன ஆச்சு? ராஜா குண்டா இருந்தா ஊருக்கு லாபம். அதனால புரட்டாசி பிறந்ததும் ஊரே சேர்ந்து ராஜாவைக் கொழுக்க வைக்கும், அந்த மாசத்துக்கு ஊட்டு மாசம்னே பேரு. ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் கையால சமைச்சு எடுத்துட்டுப் போய், தன் கையாலயே ராஜா வாயில ஒரு பிடி ஊட்டணும், அரிசி அதிரசமோ ஆட்டுக்கறியோ, அவங்கவங்க வசதி. ராஜா வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஊட்டாத வீட்டுக்குத் துலாபாரத்துல பங்கு கிடையாது.

பெரிய ராஜா இருந்த வரைக்கும் கவலையே இல்லை. மனுஷன் ஊட்டு மாசம் முடியுறப்போ நடக்க மாட்டாரு, உருளுவாரு. அவருக்கு அப்புறம் பட்டத்துக்கு வந்தவரு பேரு விசயத் திருமலைக்கொழுந்து. பேருக்கு ஏத்த மாதிரி ஆளும் கொழுந்துதான், காத்தடிச்சா மேல்துண்டு மட்டும் போகுமா அவரும் சேர்ந்து போவாரான்னு சேவகங்க பயந்துக்கிட்டே இருப்பாங்க. என்னத்தைத் தின்னாலும் உடம்புல ஒட்டாது. எங்க ஊர்ப் பொம்பளைங்க அவரை நேருக்கு நேராவே ஏசுவாங்களாம்: "மகாராசா, உங்களுக்கு ஊட்டுறதும் கிணத்துல போடுறதும் ஒண்ணு, இன்னொரு கொழுக்கட்டை வாங்கிக்கங்க, எங்களுக்காகத் தின்னுங்க." அவரும் திணறித் திணறித் தின்னுட்டு, துலாபாரத்தன்னைக்குத் தட்டு பொசுக்குனு எழும்பினதும் வெட்கத்துல தலையைக் குனிஞ்சுக்குவாராம். ஊரு கொழுந்து ராஜான்னு பேரு வச்சு, கிடைச்சது போதும்னு வாங்கிட்டுப் போகும்.

அப்புறம்தான் தாது வருஷம் வந்துச்சு. அந்தப் பஞ்சத்தை உங்க ஊர்லயும் சொல்லுவாங்க. ஆடியில காத்து மட்டும் வந்துச்சு, ஆவணியில அதுவும் இல்லை, கண்மாய் தரை பிளந்து பாளம் பாளமா நின்னுச்சு, வெள்ளைக்காரன் சீமையில இருந்து ஜனம் பொடிநடையா எல்லை தாண்டி எங்க நாட்டுக்குள்ள வந்து கோட்டை மதில் நிழல்ல உட்கார்ந்துச்சு, ஏன்னா இங்கே ஒரு ராஜா இருக்காரு, ராஜா இருந்தா களஞ்சியம் இருக்கும்னு யாரோ சொல்லியிருக்காங்க. களஞ்சியம் இருந்துச்சு. முன் வருஷத்து நெல்லும் அதுக்கு முன் வருஷத்து வரகும் முகடு முட்டக் கிடந்துச்சு. ஆனா சாவி டன்ஸ்டன் துரை இடுப்புல. அவருதான் அப்போ ஏஜென்ட். தானியத்தை எல்லாம் ரயில்ல ஏத்தித் துறைமுகத்துக்கு அனுப்பணும்னு மேலிடத்து உத்தரவு, சும்மா சோறு போட்டா ஜனம் சோம்பேறி ஆகிடும்னும் உத்தரவு. கொழுந்து ராஜா நாலு தரம் பங்களாவுக்கு நடந்து போய்க் கேட்டாரு. துரை ஒவ்வொரு தரமும் நாற்காலி போட்டு, டீ கொடுத்து, முடியாதுன்னு சொல்லி அனுப்பினாரு. கெட்ட மனுஷன் இல்லை சிஸ்டர் அவரு, உத்தரவு மனுஷன்.

அரண்மனையில இருந்ததை எல்லாம் கஞ்சியாக் காய்ச்சி ஊத்தித் தீர்த்தாச்சு. புரட்டாசி பிறக்கப் போகுது. ராஜா தமுக்கடிச்சுச் சொல்லிட்டாரு, இந்த வருஷம் ஊட்டு மாசம் கிடையாது, யாரும் எனக்கு எதுவும் கொண்டு வரக் கூடாதுன்னு. சொல்லிட்டு நிம்மதியாப் படுத்திருக்காரு. விடிஞ்சு பார்த்தா அரண்மனை வாசல்ல வரிசை நிக்குது, ஒவ்வொருத்தர் கையிலயும் மூடி வச்ச ஒரு சட்டி.

வேற எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் பண்ணியிருக்க மாட்டான், எனக்கே தெரியும். தான் பசியில சுருண்டு கிடக்கிறப்போ இருக்கிற கடைசிப் பிடியை எடுத்துக்கிட்டுப் போய் எவனாவது ராஜாவுக்கு ஊட்டுவானா? ஆனா எங்க ஆளுங்க யோசிச்சது வேற மாதிரி. ஊட்டலேன்னா பங்கு இல்லை, அது ஒண்ணு. ராஜா இன்னும் மெலிஞ்சு போனா கிடைக்கிற கொஞ்சமும் குறையும், அது ரெண்டாவது. அப்புறம், வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா அந்தக் கொழுந்து மனுஷன் வெறும் வயித்தோட கிடக்கிறதும் அவங்களுக்குப் பொறுக்கலை.

அந்த வரிசையில எங்க இருளாயி இருந்தா. என் வம்சத்துல நான் பேரு சொல்லத் தெரிஞ்ச முதல் ஆளு அவதான். புருஷன் கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவன், போனதோட சரி, ஒரு தகவலும் இல்லை. ஆடியில ஒரு பெண் பிள்ளை பிறந்து, பேரு வைக்கக்கூட நாதியில்லாம, தாய்க்குப் பால் வத்தி, பிள்ளை அழுது அழுது குரலும் போய், வாய் திறக்கும், ஆனா சத்தம் வராது. அந்தப் பிள்ளையை முதுகுல கட்டிக்கிட்டு, வெடிச்ச கண்மாய்த் தரையைத் தோண்டி, கோரைக்கிழங்கு கொஞ்சம் எடுத்து அவிச்சு, அது ஒரு பிடிதான் தேறுச்சு, அதை எடுத்துக்கிட்டுப் போய் ராஜா முன்னால நின்னா.

ராஜா சட்டிக்குள்ள பார்த்தாரு, முதுகுல பிள்ளையைப் பார்த்தாரு. "உன் வீட்டுல மிச்சம் என்ன இருக்கு தாயி?"ன்னு கேட்டாரு.

"சட்டி இருக்கு மகாராசா."

"பிள்ளைக்கு?"

"பிள்ளைக்குப் பல்லு இல்லை. நீங்கதான் தின்னணும்."

ராஜா முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. வாயை இறுக மூடிக்கிட்டாரு. பக்கத்துல ராணி பொன்னழகு நாச்சியார் நின்னாங்க, அவங்க வாய்க்கு ஏஜென்ட் துரையே பயப்படுவாராம். "வாயைத் திறங்க"ன்னாங்க.

"இதைத் தின்னுட்டு நான் உயிரோட இருக்கணுமா நாச்சியார்?"

"ஆமா. நீங்க வாயை மூடினா அவ வீடு பங்குல இருந்து போயிரும். கொடுக்கிறது பெரிய காரியம்னு நீங்க நினைச்சுக்கிட்டிருக்கீங்க. இன்னைக்கு வாங்கிக்கிறதுதான் பெரிய காரியம். திறங்க."

திறந்தாரு. இருளாயி ஊட்டினா. கண்ணுல தண்ணி தாரை தாரையா வடிய மென்னு முழுங்கினாரு. அன்னையில இருந்து மாசம் முழுக்க ஊரு ஊட்டுச்சு, அவரு தின்னாரு. புளியங்கொட்டை மாவைத் தின்னாரு, கற்றாழைச் சோத்தைத் தின்னாரு, அவிச்ச கீரைத்தண்டைத் தின்னாரு, தவிட்டுக் களியைத் தின்னாரு, மதில் நிழல்ல கிடந்த வெளிச்சீமை ஜனங்க கையில ஒண்ணுமே இல்லாம உள்ளங்கையில தண்ணி ஏந்தி வந்து வாயில விட்டாங்க, அதையும் குடிச்சிட்டு, இவங்களும் ஊட்டிட்டாங்க, இவங்களையும் வீடா சேர்த்துக்கங்கன்னு சொல்லிட்டாரு. இத்தனையும் தின்ன மனுஷனுக்குப் புரட்டாசி முடியுறப்போ விலா எலும்பு துண்டுக்கு வெளியே தெரிஞ்சுச்சு.

ஐப்பசியில டன்ஸ்டன் துரைகிட்டப் போய்த் துலாபாரத்துக்குத் தானியம் கேட்டாங்க. வழக்கங்கள்ல தலையிட மாட்டோம்னு வெள்ளைக்கார மகாராணியே சொல்லியிருக்காங்கள்ல, அதனால துரையால தட்ட முடியலை. தட்டவும் அவசியம் இல்லைன்னு நினைச்சிருப்பாரு, ராஜாவை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தாரு, மிஞ்சிப் போனா ஒரு மூட்டை. கோயில் முன்னால, அவ்வளவு ஜனம் பார்க்க, தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு அரைகுறைத் தமிழ்ல வாக்குக் கொடுத்தாரு: "ராஜா எடைக்கு எடை. தட்டு எழும்பும் மட்டும் போடலாம். எழும்பின பிறகு ஒரு பிடி கிடையாது."

ராஜா தட்டுல உட்கார்ந்தாரு. எதிர்த் தட்டுல ஒரு மூட்டை வச்சாங்க, மெதுவா வச்சாங்க, எங்கே ராஜா எகிறிப் போயிடுவாரோன்னு. தட்டு அசையலை. இன்னொண்ணு வச்சாங்க. அசையலை. மூணாவது, நாலாவது, சங்கிலி திணற மூட்டை ஏறுது, ராஜா தட்டு தரையோட தரையா ஒட்டிக் கிடக்கு. ஊரு வாயைப் பிளந்துருக்கும்னு நினைக்கிறீங்க, இல்லை. கூட்டத்துல ஒரு கிழவி, "ஊட்டினது வீண் போகலை"ன்னா, அவ்வளவுதான், ஆம்பளைங்க துண்டைத் தலைக்குக் கட்டிக்கிட்டு அடுத்த மூட்டைக்குத் தோள் கொடுக்கப் போயிட்டாங்க. துரைக்குத்தான் பொறுக்கலை. தராசுத் தண்டைத் தட்டிப் பார்த்தாரு, இப்போ நீங்க தட்டினீங்கள்ல, அதே மாதிரி. அப்புறம் ராஜாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, கக்கத்துல ரெண்டு கையையும் கொடுத்து ஒரே மூச்சா தூக்கிப் பார்த்தாரு. கோட்டுப் பொத்தான் தெறிச்சதுதான் மிச்சம். நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, அவரே சொன்னாரு, "போடுங்க."

தட்டு நிறைஞ்சு போச்சு, மேல வைக்க இடமில்லை. இப்போ என்ன பண்றதுன்னு எல்லாரும் கோயில் பூசாரியைப் பார்த்தாங்க. பூசாரி சொன்னாரு, துலாத் தட்டுல ஏறினது சாமிக்குக் காட்டினது மாதிரி, திரும்பக் களஞ்சியத்துக்குப் போகாது, இறக்கி ஊருக்குக் கொடுத்துட்டு மறுபடி ஏத்துங்க, தட்டு எழும்புற மட்டும் துலாபாரம் முடியலைன்னு அர்த்தம். துரை ஏதோ சொல்ல வாயெடுத்தாரு. பிறகு தான் கொடுத்த வாக்கை மனசுக்குள்ள ஒருதரம் ஓட்டிப் பார்த்திருப்பாரு போல, வாயை மூடிக்கிட்டுச் சாவியை எடுத்துப் பூசாரி கையில கொடுத்தாரு.

அன்னைக்குச் சாயங்காலம் பூலாங்கோட்டையில ஒவ்வொரு கூரையில இருந்தும் அடுப்புப் புகை எழும்புச்சாம். அந்தப் புகையைப் பார்த்து அழாத ஆள் இல்லைன்னு என் அப்பாவைப் பெத்தவரு வரைக்கும் சொல்லிச் சொல்லி எங்க காதுல போட்டிருக்காங்க. இருளாயி கஞ்சி வச்சுக் குடிச்சா. ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ பால் ஊறுச்சு. பிள்ளைக்கு முதல்ல குரல் வந்துச்சு, அப்புறம் கோபம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துச்சு.

ராஜா தட்டை விட்டு இறங்க முடியாதே, தட்டு எழும்பாம இறங்கினா துலாபாரம் முறிஞ்சிரும். அதனால உட்கார்ந்தே இருந்தாரு. நாள் ஆச்சு, வாரம் ஆச்சு, உட்கார்ந்தே இருந்தாரு. ஊரு அதுக்குத் தக்கபடி தன்னை மாத்திக்கிச்சு. நாவிதர் மண்டபத்துக்கே வந்து சவரம் பண்ணினாரு. பனையோலையில கூரை நீட்டிப் போட்டாங்க. வரப்புத் தகராறு, ஆடு மேய்ஞ்ச தகராறு எல்லாம் தட்டு முன்னாலயே தீர்ப்பாச்சு, தட்டு முன்னால பொய் சொன்னா நாக்கு கனக்குதுன்னு யாரோ கிளப்பிவிட, வழக்கே பாதியாக் குறைஞ்சு போச்சு. நீங்க கேட்க வர்றது தெரியும் சிஸ்டர், அதுக்கெல்லாம் திரை கட்டி ஏற்பாடு இருந்துச்சு, ராஜான்னாலும் மனுஷன்தானே. இருளாயிக்கு மண்டபத்துல தானியம் புடைக்கிற வேலை கிடைச்சுச்சு. பிள்ளையை எங்கே போடுறதுன்னு சுத்திப் பார்த்தா, நாடே சேர்ந்து இழுத்தாலும் அசையாத ஒரே இடம் ராஜா தட்டுச் சங்கிலிதான், அதுல சேலையைக் கட்டித் தொட்டில் போட்டுட்டா. யாரும் தப்புன்னு சொல்லலை. ராஜா ராஜாங்கம் பண்ணிக்கிட்டே கால் பெருவிரலால தொட்டிலை ஆட்டிவிடுவாராம். பிள்ளைக்கு நிறைகுளத்தாள்னு அவருதான் பேரு வச்சாரு.

களஞ்சியம் தீர்ந்து, அடித் தவிட்டையும் கூட்டி ஏத்தியாச்சு. தட்டு எழும்பலை. கோட்டைக்குள்ள இனி ஒரு மணி கிடையாது, இருக்கிறதெல்லாம் துரை முன்னாடியே ரயில் நிலையத்துல வேகன்ல ஏத்திப் பூட்டி வச்சது, மறுநாள் துறைமுகத்துக்குக் கிளம்பணும். ராஜா துரைகிட்ட ஒண்ணும் கேட்கலை. ஊரும் கேட்கலை. நிறைகுளத்தாள் மட்டும் தொட்டில்ல கிடந்து பாலுக்குக் கத்துறா. துரை ரொம்ப நேரம் மண்டபத்துப் படியில உட்கார்ந்திருந்தாரு. சாவகாசமா எழுந்து, "எழும்பும் மட்டும்னு சொன்னேன். எழும்பலை"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, குதிரையேறிப் போய் வேகனைத் திறந்துவிட்டாரு. தந்தி மேல தந்தி வந்துச்சாம் மேலிடத்துல இருந்து. எல்லாத்தையும் மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, அவரே நின்னு மூட்டையை இறக்கினாரு. அந்தத் தானியம்தான் எங்களை அடுத்த மழை வரைக்கும் கொண்டு வந்து சேர்த்துச்சு, எங்களையும் மதில் நிழல்ல இருந்த அத்தனை ஜனத்தையும்.

துரையைப் பர்மாப் பக்கம் எங்கேயோ காட்டுக்கு மாத்திட்டாங்க. போறதுக்கு முன்னாடி விடைபெற வந்தவரு, தட்டு முன்னால நின்னு, கோட்டுப் பைக்குள்ள கையை விட்டு ஒரு பிஸ்கோத்தை எடுத்து, கொஞ்சம் கூச்சத்தோட, ராஜா வாய்கிட்டக் கொண்டு போனாரு. ராஜா வாயைத் திறந்து வாங்கிக்கிட்டாரு. அன்னையில இருந்து டன்ஸ்டன் துரையும் ஒரு வீடுன்னு ஊரு கணக்குல சேர்த்துருச்சு. அப்புறம் துலாபாரம் நடந்த வருஷத்துல எல்லாம் துரை வீட்டுப் பங்குன்னு ஒண்ணு எடுத்து வச்சு, வழிப்போக்கன் எவன் முதல்ல வர்றானோ அவனுக்குக் கொடுத்தாங்க. வெள்ளைக்காரனை நாங்க மெச்ச மாட்டோம், அவன் ராஜ்ஜியத்தையும் மெச்ச மாட்டோம். அந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் கையெடுத்துக் கும்பிடுவோம்.

மழை வந்துச்சு. கண்மாய் நிறைஞ்சுச்சு. வெளிச்சீமை ஜனத்துல பாதிப் பேரு விதைச்சு இங்கேயே தங்கிட்டாங்க. முதல்ல கதிர் விட்டது குதிரைவாலி. அறுத்து, புடைச்சு, யாரும் யாருக்கும் சொல்லலை, ஆளாளுக்கு ஒரு பிடியை மடியில கட்டிக்கிட்டு மண்டபத்துக்கு வந்துட்டாங்க. எதிர்த் தட்டுல ஒவ்வொரு வீடா ஒரு பிடி போட்டுச்சு. களஞ்சியம் மொத்தமும் அசைக்காத தட்டு, வேகன் வேகனா ஏத்தியும் அசையாத தட்டு, அந்தப் பிடி விழ விழ லேசா முனகுச்சாம். கடைசியில இருளாயி வந்தா. தன் பிடியைப் போட்டா. ராஜா தட்டு தரையை விட்டு எழும்புச்சு, அவரோட சேர்ந்து தொட்டிலும் எழும்புச்சு, உள்ளே இருந்த நிறைகுளத்தாள் முழிச்சுக்கிட்டு ஊரையே ஒரு பார்வை பார்த்தா.

ராஜா ராணியைப் பார்த்து, "இறங்கலாமா?"ன்னாரு.

"இறங்குங்க. கால் மரத்துப் போயிருக்கும், பார்த்து"ன்னாங்க ராணி.

அதுக்கப்புறம் அவரு ரொம்ப வருஷம் இருந்தாரு, ஒல்லியாவேதான் இருந்தாரு, ஆனா அந்தக் கனம் அவரை விட்டுப் போகலை. யானை அவரை ஏத்திக்கிட்டு எழுந்திருக்காது. பல்லக்குத் தண்டு முறியும். அரண்மனை மாடிப் பக்கமே ராணி விட மாட்டாங்க. எங்க போனாலும் நடந்துதான் போவாரு, ஈர மண்ணுல நடந்தா முழங்கால் ஆழத்துக்குக் குழி விழும், அந்தக் குழியில தண்ணி நின்னு, ஆடு குடிச்சிட்டுப் போகும். யாராவது சங்கடப்பட்டுக் கேட்டா, "இது என் எடை இல்லையப்பா, நீங்க என்கிட்டக் கொடுத்து வச்சது, பத்திரமா வச்சிருக்கேன்"னு சொல்லுவாராம்.

அவரு செத்தப்போ, அப்போ இருந்த புது ஏஜென்ட் மரியாதைக்குன்னு ஒரு வண்டி அனுப்பினான், ராஜாவோட எடையைக் கேள்விப்பட்டு நாலு ஜோடி மாடு பூட்டி. ஊரு வேண்டாம்னுருச்சு. நாங்க ஊட்டின உடம்பு, நாங்கதான் தூக்குவோம்னு வீட்டுக்கு ஒரு ஆளா வந்து, தோளை முட்டுக் கொடுத்து, மூச்சைப் பிடிச்சு, எல்லாரும் ஒண்ணாத் தூக்கினாங்க. பாடை விசுக்குனு மேல போயிருச்சு. காலி முறம் கனம்கூட இல்லை. தூக்கினவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறாங்க. இத்தனை வருஷம் மனுஷன் சுமந்தது எங்கே போச்சு? கேட்டுக்கிட்டே சுடுகாட்டுக்குக் கொண்டு போனாங்க, கேட்டுக்கிட்டே திரும்பி வந்தாங்க.

திரும்பி வந்தா இருளாயி வீட்டு வாசல்ல கூட்டம். நிறைகுளத்தாளுக்குத் தலைப்பிரசவம். பிள்ளையை ஏந்தின மருத்துவச்சி அப்படியே தொப்புனு தரையில உட்கார்ந்துட்டா. "என்னடி இது, கையளவு இருக்கு, கல்லாட்டம் கனக்குது"ன்னா. சுடுகாட்டுக்குப் போய் வந்த ஆம்பளைங்க தலையீரம் காயாம வாசல்ல நிக்கிறாங்க. இருளாயி பேரனை வாங்கி மடியில போட்டுக்கிட்டா. அப்புறம், "திருப்பிக் கொடுத்துட்டாருப்பா"ன்னு வாசலைப் பார்த்துச் சொன்னா. அன்னையில இருந்து இன்னை வரைக்கும் இந்த ஊர்ல பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பிடி கூடுதலாத்தான் பிறக்குது, மதில் நிழல்ல இருந்தவங்க வம்சத்துலயும் சரி, வேற எந்தத் தெருவுலயும் சரி, வித்தியாசம் கிடையாது.

நாடு போச்சு, சுதந்திரம் வந்துச்சு, எங்க சமஸ்தானத்தை ஜில்லாவோட சேர்த்துட்டாங்க. கல் மண்டபம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இன்னும் நிக்குது, அதுல இளநீர் விக்கிறாங்க, நீங்க பஸ்ஸுல இறங்கினப்போ பார்த்திருப்பீங்க. சிலை வைக்கணும்னு சிலர் கேட்டாங்க, எங்களுக்கு எதுக்குச் சிலை. எங்க கடைசிப் பிடியைக் கண்ணுல தண்ணியோட தின்னாரே சிஸ்டர், அதை மட்டும் அந்த மனுஷன் மாட்டேன்னு சொல்லியிருந்தா இருளாயி இல்லை, நிறைகுளத்தாள் இல்லை, நான் இல்லை, என் தம்பி இல்லை, அந்தா மூக்கைச் சுருக்கிக்கிட்டுக் கிடக்கே அதுவும் இல்லை. அவருக்கு நான் எங்கே போய் நன்றி சொல்ல? இப்படி யாராவது தராசைத் தட்டுறப்போ உட்கார வச்சுச் சொல்லிக்கிடறேன்.

காப்பி ஆறிப் போச்சு பாருங்க. சரி, தராசு என்ன காட்டுதோ அதை அப்படியே எழுதிக்கங்க, ஒண்ணையும் கழிக்காதீங்க. இப்போ பிள்ளையைத் தூக்கித் தாய்கிட்டப் போடுங்க, பசிக்கு முழிச்சிருச்சு. ஒரு கையால வேண்டாம் சிஸ்டர். ரெண்டு கையும் கொடுத்துத் தூக்குங்க.